குதிரை லாயத்திலிருந்து வீட்டுக்கு வருவது பூச்சியா, பூச்சியின் தீனியா?

வணக்கம் சகோதரி. உங்கள் கேள்வியைப் பிறரும் புரிந்துகொள்ளும்படி முதலில் சுருக்கிச் சொல்கிறேன். கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடியின் 14ஆவது மாடியில் குடியிருக்கிறீர்கள். 12 வயது மகள் ஓராண்டாகச் சனிக்கிழமைதோறும் குதிரையேற்றப் பயிற்சிக்குப் போய்வருகிறாள். மூன்று மாதங்களாகச் சப்பாத்து அலமாரியில் மயிரடர்ந்த சிறு புழுக்கள், சுவரில் வெள்ளரி விதைபோல் ஒட்டிக்கொண்டு மெல்ல நகரும் கூடுகள், சமையலறையில் கரப்பான்கள், சீனி டப்பாவில் எறும்புகள், மகளின் கழுத்திலும் முன்கையிலும் அரிப்புத் தடிப்புகள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்திருக்கின்றன. எல்லாம் குதிரையால் வந்த வினை என்று மாமியார் சொல்கிறார். மூட்டைப்பூச்சிதான் என்று முடிவு செய்து மெத்தையை எறிந்துவிடக் கணவர் நினைக்கிறார். பக்கத்து வீட்டார் நிர்வாகத்திடம் புகார் கொடுத்துவிட்டார். பயிற்சியை நிறுத்திவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

நிறுத்த வேண்டியதில்லை. நான் 28 ஆண்டுகள் கிள்ளான் பள்ளத்தாக்கில் பூச்சிக் கட்டுப்பாட்டு வேலை பார்த்தவன். அதற்கு முன், ஒரு குதிரைக்காரரின் மகனாக வளர்ந்தவன். அப்பா அம்பாங் சாலைக் குதிரைப் பந்தயத் திடலில் சைஸாக, அதாவது குதிரை பராமரிப்பவராக, இருந்தார். அந்தத் திடல் 1992இல் சுங்கை பெசிக்கு மாறிய பிறகு, அதே நிலத்தில்தான் இரட்டைக் கோபுரம் எழுந்தது. அப்பா வேலை முடிந்து வந்தால், காக்கிக் கால்சட்டையை வாசலிலேயே கழற்றி உதறி, வெந்நீர் வாளியில் போட்ட பிறகுதான் அம்மா அவரை உள்ளே விடுவார். சப்பாத்து ஒருநாளும் படியைத் தாண்டியதில்லை. பூச்சியியல் எதுவும் படிக்காத அம்மா செய்த அந்த ஒரு காரியத்தைத்தான் நானும் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். ஏன் என்பதை மட்டும் கூடுதலாக விளக்குகிறேன்.

குதிரையின் உடலில் வாழும் பூச்சிகள் நம் வீட்டில் வாழ்வதில்லை. குதிரைப் பேன்கள் குதிரை இனத்துக்கே உரியவை. மனிதத் தோலில் அவற்றால் தங்க முடியாது, குதிரையை விட்டு விழுந்தால் ஓரிரு வாரத்துக்குள் செத்துப்போகும். லாயத்தில் காலைக் கடிக்கும் ஈ, அழுகிய வைக்கோலும் சாணமும் கலந்த ஈரக் குவியலில் முட்டையிடுகிறது. சப்பாத்தின் அடியில் ஒட்டிக் காய்ந்துபோன துளிச் சாணத்தில் அதன் புழு வளர முடியாது. ஆகவே லாயத்திலிருந்து பூச்சிகள் கூட்டமாக மின்தூக்கியேறி உங்கள் வீட்டுக்கு வரவில்லை. வந்தது தீனி. குதிரையின் மயிர், தோல் செதில், ஆட்டு உரோமத் திண்டு, ஓட்ஸ், வெல்லப்பாகு கலந்த தீவனத் துணுக்கு ஆகியவை வாரந்தோறும் ஒரே அலமாரியில் சேர்ந்தால், ஏற்கெனவே கட்டடத்தில் இருக்கும் பூச்சிகளும், சன்னல் வழியாகப் பறந்து வருபவையும் அங்கே குடியேறிவிடும்.

முதலில் மயிரடர்ந்த புழுக்களைப் பார்ப்போம். நீங்கள் எழுதிய வர்ணனையின்படி அவை கம்பள வண்டின் புழுக்கள். சுமார் 5 மில்லிமீட்டர் நீளம், பழுப்பு நிறம், உடலைச் சுற்றிக் குட்டை மயிர், சிலவற்றுக்கு வாலில் ஒரு குஞ்சம். வளர வளரச் சட்டையை உரித்துப் போடும்; அந்த வெற்றுத் தோலும் புழுவைப் போலவே இருப்பதால், பத்து என்று எண்ணிப் பதறியவர் வீட்டில் உண்மையில் இரண்டு புழு இருப்பதும் உண்டு. வளர்ந்த வண்டு 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவில் உருண்டையாக இருக்கும், பூந்தாது தின்னும், வெளிச்சத்தை நாடிச் சன்னலோரம் வந்து சாகும். அதனால் கேடில்லை. கேடு செய்வது புழு. உரோமம், இறகு, பட்டு, தோல், செத்த பூச்சி என விலங்கிலிருந்து வந்த காய்ந்த பொருள் எதுவாயினும் அரிக்கும். தூய பருத்தியையும் செயற்கை இழையையும், அவற்றில் வியர்வையோ எண்ணெயோ ஊறியிருந்தாலொழிய, பெரும்பாலும் தொடாது.

சேணத்துக்கு அடியில் போடும் ஆட்டு உரோமத் திண்டு ஒன்றை, ஒருவர் பயன்படுத்திய பிறகு மலிவாக வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் துணியின் மீது விரித்து, உரோமத்தை விரலால் வகிர்ந்து, தையலோரத்தைப் பாருங்கள். மணல்போல் உதிரும் துகள், வேரோடு வெட்டுண்ட உரோமத் திட்டு, தையல் மடிப்புக்குள் சுருண்ட வெற்றுத் தோல் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் இருந்தால் அதுதான் பிறப்பிடம். அடுத்து, குதிரையைத் தேய்க்கும் தூரிகையைக் கவிழ்த்துப் பாருங்கள். பற்களுக்கு இடையே அடைந்திருக்கும் மயிர்ப் பொதியைக் குண்டூசியால் நெம்பி எடுத்தால், அதற்குள்ளும் இருக்கும். என் அனுபவத்தில் திண்டைவிடத் தூரிகைதான் அதிகம் கவனிக்கப்படாமல் போவது.

மகளின் தடிப்புக்கும் இந்தப் புழுவே காரணமாக இருக்கக்கூடும். இது கடிப்பதில்லை, ஆனால் உதிரும் நுண்மயிர்கள் தோலில் குத்தினால், ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கொசுக்கடி போன்ற தடிப்பு வரும். தலைக்கவசத்தின் பட்டை படும் கழுத்திலும், கையுறை முடியும் முன்கையிலும் தடிப்பு இருக்கிறது என்று நீங்கள் சொல்வது இதற்குப் பொருந்துகிறது. மருத்துவரிடம் காட்டும்போது, கையுறையையும் தலைக்கவசத்தின் உள்துணியையும் எடுத்துப் போங்கள். மூட்டைப்பூச்சியாக இருந்தால் தடிப்பு பொதுவாக உறங்கும்போது மூடாமல் கிடந்த இடங்களில், வரிசையாகவோ கொத்தாகவோ வரும். மெத்தையின் விளிம்புத் தையல், கட்டில் மூட்டு, தலைமாட்டுப் பலகையின் பின்புறம் ஆகியவற்றில் மைப்புள்ளி போன்ற கறைகளும் இருக்கும். கைவிளக்கோடு கால்மணி நேரம் தேடியும் அந்தப் புள்ளிகள் இல்லையென்றால் மெத்தையை எறியத் தேவையில்லை. புள்ளிகள் இருந்தாலும் எறிய வேண்டாம். உறையிடாத மெத்தையை நடைபாதையில் இழுத்துச் செல்வது, மாடி முழுவதற்கும் மூட்டைப்பூச்சியைப் பங்கிட்டுக் கொடுப்பதாகும்.

சாமான்களைச் சுத்தம் செய்ய மருந்து தேவையில்லை. உரோமத் திண்டையும் கையுறையையும் நன்றாக உதறி, தூசி உறிஞ்சியால் துகளை எடுத்து, ஞெகிழிப் பையில் காற்று வெளியேறும்படி அழுத்திக் கட்டி, குளிர்பதனப் பெட்டியின் உறைநிலை அறையில் இரண்டு வாரம் வையுங்கள். உறைநிலை அறை சுழியத்துக்குக் கீழே 18 பாகையில் இருக்க வேண்டும். சிறிய பெட்டிக்குள் உள்ள பனிக்கட்டித் தட்டறை அந்தக் குளிரை எட்டாது. வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விட்டால், நீர்த்துளி பைக்கு வெளியே படியும், உரோமம் நனையாது. பருத்திச் சேணத்துணியையும் கால்சட்டையையும் 60 பாகை வெந்நீரில் துவைக்கலாம். ஆட்டு உரோமத்தை அந்தச் சூட்டில் போட்டால் சுருங்கிக் கெட்டுவிடும். அலமாரியைக் காலி செய்து, பலகை இடுக்கு, ஆணித் துளை, அடிச்சட்டத்தின் பின்புறம் எல்லாவற்றையும் உறிஞ்சியின் குறுகிய மூக்கால் இழுத்து, அந்தப் பையை அன்றே கட்டிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள். ஒரு மாதம் வாரம் இருமுறை இதைச் செய்ய வேண்டும். புழுப்பருவம் பல மாதங்கள் நீடிக்கும் என்பதால், ஒருநாள் சுத்தம் செய்துவிட்டு மறுவாரம் புழுவைப் பார்த்ததும் தோற்றுப்போனோம் என்று எண்ணிவிடாதீர்கள்.

சுவரில் நகரும் வெள்ளரி விதை வேறு ஆள். அது ஒரு சிறு அந்துப்பூச்சியின் புழு தனக்கென நெய்துகொண்ட கூடு. பட்டிழையில் மணலும் தூசியும் கோத்து, இருமுனையும் திறந்த தட்டைப் பை செய்து, அதற்குள் இருந்தபடியே தலையை நீட்டி இழுத்துக்கொண்டு போகும். தொட்டால் உள்ளே வாங்கிக்கொண்டு, சற்று நேரம் கழித்து மறுமுனையில் தலையை நீட்டும். ஈரமான நம் ஊரில் குதிரையையே கண்டிராத வீடுகளிலும் இது உண்டு. இதன் முக்கிய உணவு பழைய சிலந்தி வலை; கிடைத்தால் உரோமமும் தலைமயிரும். ஒட்டடை அடித்து, சுவர்மூலையையும் மின்விசிறியின் மேற்புறத்தையும் துடைத்து, கூடுகளைக் கையால் பொறுக்கினால் போதும். இதற்கு யாராவது மருந்தடிக்கக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

அலமாரியின் ஈரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் சொல்லாமல் விட முடியாது. தோல் சப்பாத்தையும் கடிவாளத்தையும் வியர்வையோடு மூடிய அலமாரியில் வைத்தால், நம் தட்பவெப்பத்தில் ஒரு வாரத்துக்குள் வெள்ளைப் பூசணம் பூத்துவிடும். அந்தப் பூசணத்தை மேய ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லாத வெளிறிய புத்தகப் பேன்கள் வரும். அடுத்து இராமபாணம் வரும். ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே நின்றால் புத்தகப் பேன் உடல்நீர் வற்றிச் சாகும். ஆகவே தோலை ஈரத்துணியால் துடைத்து, சேணச் சவர்க்காரம் தடவி, நிழலில் மின்விசிறிக் காற்றில் காயவிட்டு, கதவுக்குப் பதில் கம்பிவலையோ சட்டமோ உள்ள திறந்த அலமாரியில் வையுங்கள். வெயிலில் காயவைத்தால் தோல் வெடிக்கும். சிலிகா மணிப் பைகளை வைப்பவர்கள், அவை ஈரம் குடித்து நிறைந்த பின் மாற்ற மறந்துவிடுகிறார்கள்.

கரப்பானுக்கும் குதிரைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை மாமியாரிடம் உறுதியாகச் சொல்லலாம். நீங்கள் பார்ப்பது கட்டைவிரல் நீளத்தில் செம்பழுப்பாக, இரவில் தனித்தனியாக வருவது என்றால் அது அமெரிக்கக் கரப்பான். குப்பைக் குழாயிலிருந்தும் கழிவுநீர்க் குழாயிலிருந்தும் ஏறி வருகிறது. தரைவடிகாலுக்குச் சல்லடை மூடி, கழுவுதொட்டிக்கு அடியில் குழாய் சுவருக்குள் புகும் ஓட்டைக்குச் சிமெண்ட் அடைப்பு, கதவின் கீழ் ரப்பர் பட்டை ஆகியவற்றைச் செய்து முடித்தால் வரத்து குறையும். விரல்நகம் அளவில் வெளிர் பழுப்பாக, கழுத்துக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகளோடு, பகலிலும் குளிர்பதனப் பெட்டியின் பின்னால் ஓடுவது என்றால் அது ஜெர்மன் கரப்பான். அதன் ஒரு முட்டைப் பையில் 30 முதல் 40 முட்டைகள் இருக்கும். பொரிக்கும் தறுவாய் வரை தாய் அதைச் சுமந்து திரிவதால் தெளிப்பு மருந்து முட்டையை எட்டுவதில்லை. அதற்கு நஞ்சு கலந்த கூழ் இரைதான் வழி. பச்சைப்பயறு அளவுத் துளிகளாக அலமாரிக் கீல், பெட்டியின் மோட்டார் ஓரம், அடுப்பின் பின்புறம் என மறைவிடங்களில் வைத்து, அதன் அருகே எந்தத் தெளிப்பானையும் அடிக்காமல் விட வேண்டும். இரையும் தெளிப்பும் சேர்ந்தால் கரப்பான் இரையைத் தொடாது.

எறும்பில் குதிரைக்கும் சிறு பங்கு உண்டு. மகள் குதிரைக்குக் கொடுக்கச் சீனிக்கட்டியும் கேரட்டும் சட்டைப்பையில் எடுத்துப் போகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பையும் தீவனம் சிந்திய முதுகுப்பையும் எறும்புக்குத் திறந்த பந்தி. இதில் நான் ஒரு தவறு செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதலாண்டில், ஒரு வீட்டில் மெல்லிய மஞ்சள் நிறப் பாரவோன் எறும்புச் சாரைக்குத் தெளிப்பு மருந்து அடித்தேன். இரண்டு வாரத்தில் ஒரு சாரை ஐந்தாகியது. இந்த எறும்பின் ஒரே கூட்டில் பல ராணிகள் உண்டு. மருந்து பட்டதும் கூடு பிரிந்து, ஒவ்வொரு பிரிவும் தனிக் குடித்தனம் போய்விடுகிறது. அந்த வீட்டு அம்மாள் எதுவும் சொல்லாமல் தேநீர் கொடுத்தார். அன்றிலிருந்து எறும்புக்கு நான் தெளிப்பு அடித்ததில்லை. சாரையின் பாதையில் எறும்பு இரை வைத்து, அவை சுமந்து போவதைத் தடுக்காமல் பொறுத்திருங்கள்.

லாயத்திலிருந்து உண்மையாகவே உடம்பில் ஏறி வரக்கூடியது ஒன்று உண்டு, அது உண்ணி. குதிரையைவிட லாயத்தில் திரியும் நாய்களிடமிருந்து அது வர வாய்ப்பு அதிகம். பழுப்பு நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே பெருகக்கூடியது. வயிறு நிறைந்த ஒரு பெண் உண்ணி சில ஆயிரம் முட்டைகள் இட்டுச் சுவர் இடுக்கில் மறைத்துவிடும். மகள் நாய்களைக் கொஞ்சுவாள் என்றால், வீடு வந்ததும் மயிரோரம், காதின் பின்புறம், முழங்கால் மடிப்பு ஆகியவற்றைப் பாருங்கள். கடித்திருந்தால் மெல்லிய சாமணத்தால் தோலையொட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் ஊற்றவோ சூடு வைக்கவோ வேண்டாம்.

இன்னொன்றையும் குதிரையின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். மலாய்க்காரர்கள் செமுட் காயாப் என்றும், பலர் சார்லி என்றும் சொல்லும் பூச்சி, ஆரஞ்சும் கறுப்பும் கலந்த மெல்லிய உடலோடு இரவில் விளக்கொளியை நாடி உயர்மாடிகளுக்குப் பறந்து வருகிறது. அது கடிக்காது, ஆனால் தோலில் வைத்து நசுக்கினால் அதன் உடல்நீர் ஓரிரு நாளில் தீக்காயம்போல் நீண்ட கொப்புளத்தை எழுப்பும். ஊதித் தள்ளிவிட்டுச் சவர்க்காரத்தால் கழுவுங்கள்.

லாயத்துச் சப்பாத்தை நாற்றத்துக்குப் பயந்து பால்கனியில் வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது இதுதான். சாரல் அடித்து ரப்பர்ச் சப்பாத்துக்குள் இரண்டு விரல் தண்ணீர் நின்றால், ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். நம் வெப்பத்தில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாளாகிறது, அதாவது ஒரு பயிற்சிக்கும் அடுத்த பயிற்சிக்கும் இடைப்பட்ட காலம். வீட்டில் கொசுப்புழு கண்டால் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி தண்டம் கட்ட வேண்டிவரும் என்பதைவிட, டிங்கிக் காய்ச்சலில் ஒரு பிள்ளை படும் பாடுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. சப்பாத்தைக் கவிழ்த்து வையுங்கள். காற்றின் ஈரத்தை இழுக்கும் ஈரமுறிஞ்சிப் பொறி இருந்தால், அதன் தண்ணீர்த் தொட்டியையும் இரண்டு நாளுக்கொருமுறை காலி செய்யுங்கள்.

மருந்து விஷயத்தில் மூன்று எச்சரிக்கைகள். அந்துருண்டையைத் தலைக்கவசத்திலோ சப்பாத்திலோ போட வேண்டாம். நம் நாட்டில் பிறந்தவுடனே குழந்தைகளுக்கு ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு இருக்கிறதா என்று சோதிப்பார்கள். அந்தக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு, அந்துருண்டையில் இருக்கும் நாப்தலினின் ஆவி இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். மாமியார் வைக்கும் வேப்பிலையால் தீங்கில்லை. காய்ந்ததும் மாற்றிவிடுங்கள், ஆனால் புழுவை அது தீர்க்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். தலைக்கவசத்தின் மீது தெளிப்பு மருந்தோ கரைப்பானோ அடிக்காதீர்கள். உள்ளே தலையைக் காக்கும் நுரைப்பலகை கரைந்து வலுவிழக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. குதிரைக்கு அடிக்கும் ஈ விரட்டியில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் அதைப் பூனையுள்ள வீட்டுக்குக் கொண்டுவரவே கூடாது. பூனைக்கு அது உயிர்க்கொல்லி. ஆள் வைத்து மருந்தடிக்க நேர்ந்தால், 1974ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி உரிமம் பெற்றவரா என்று கேளுங்கள். அவர் கொண்டுவரும் புட்டியில் பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவெண் அச்சாகியிருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டாரின் புகாருக்கு எழுத்தில் பதில் கொடுங்கள். 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்படி குப்பைக் குழாய், பொதுக் கழிவுக்குழாய், நடைபாதை ஆகியவை நிர்வாகத்தின் பொறுப்பு. கரப்பான் அங்கிருந்து வருகிறது என்பதைப் படத்தோடு காட்டி, மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் ஒரே நாளில் இரை வைக்கக் கோருங்கள். ஒரு வீட்டில் மட்டும் செய்தால் அவை சுவர் தாண்டிப் போய் ஒரு மாதத்தில் திரும்பும். அதே நேரத்தில் உங்கள் பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும். சப்பாத்து அலமாரியை நடைபாதையில் வைப்பதும், சேணத்துணியைப் பால்கனிக்கு வெளியே நீட்டி உலர்த்துவதும் துணைச்சட்டங்களுக்கு முரணானவை. பக்கத்து வீட்டார் எரிச்சலடைய உண்மைக் காரணம் அந்த மயிர் பறந்து அவர் துணியில் ஒட்டியதாகவும் இருக்கலாம். ஒரு முறை நேரில் போய்ப் பேசுங்கள்.

இனி சனிக்கிழமை வழக்கம். சப்பாத்தின் அடியை லாயத்துக் குழாயிலேயே கழுவச் சொல்லுங்கள். தூரிகையின் மயிரை அங்கேயே எடுத்துவிடட்டும். காடியின் பின்பெட்டியில் மூடியுள்ள பெரிய ஞெகிழிப் பெட்டி ஒன்றை வைத்து, சாமான் எல்லாம் அதற்குள்ளேயே பயணம் செய்யட்டும். வீட்டு வாசலில் துணி மாற்றி, நேரே துவைக்கும் பொறிக்குள் போட்டுவிட வேண்டும். ஓட்ஸ் மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவரவே வேண்டாம். அரிசி வண்டு அதிலிருந்து உங்கள் அரிசிப் பானைக்கு ஒரே இரவில் இடம் மாறும்.

பகலெல்லாம் வீட்டிலிருப்பவர் மாமியார் என்பதால் கண்காணிப்பை அவரிடமே ஒப்படையுங்கள். ஆறு பசைப்பொறி அட்டை வாங்கி, தேதி எழுதி, அலமாரியில் இரண்டு, கழுவுதொட்டிக்கு அடியில் இரண்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்னால் ஒன்று, மகளின் கட்டிலடியில் ஒன்று வையுங்கள். வாரக் கடைசியில் எந்த அட்டையில் எது, எத்தனை என்று அவர் ஒரு நோட்டில் குறித்து வரட்டும். நான்கு வாரம் கழித்து அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பூச்சி கிடைத்தால் பக்கத்தில் ஒரு 10 சென் காசை வைத்துப் படம் எடுத்தால் அளவு தெரியும்.